சுபேதார் பக்த் கான்

ஹிஜ்ரி 1273ஆம் ஆண்டின் ஹஜ்ஜுப் பெருநாள், 1857ஆம் வருடம் ஆகஸ்டு மாதம் முதல் தேதியன்று டில்லி மாநகரில் பிறந்தது. நகருக்கு வெளியே வடமேற்கே நீண்டு கிடக்கும் குன்றின் மீது வெள்ளையர் படை பீரங்கிகளுடன் முகாமிட்டிருந்தது. அந்த முகாமிலிருந்த அதிகாரிகள் அன்றைய தினத்தை ஆவலோடு எதிர்பார்த்திருந்தனர். பெருநாள் குர்பானிக்காக முஸ்லிம்கள் மாட்டை அறுப்பார்கள், அதைக் கண்டு இந்துச் சிப்பாய்கள் கொதித்தெழுவார்கள், ஒரே கோட்டைக்குள் இருக்கும் இரு சாராரும் ஒருவரையொருவர் வெட்டிக் கொள்வார்கள், நமக்கு வேலை மிச்சம் என்பது அவர்களுடைய கணக்கு. அந்தக் கணக்கு பொய்த்துப் போயிற்று. டில்லி நகரில் அன்று ஒரு மாடுகூட அறுபடவில்லை. ஈத் தொழுகையை முடித்துக்கொண்டு வந்த முஸ்லிம் வீரர்களும், அவர்களோடு தோளுரசி நின்ற பிராமண, ராஜபுத்திர வீரர்களும் அன்று மாலையே குன்றை நோக்கிப் புறப்பட்டனர். அப்படையின் தளபதியாக இருந்தவர் பக்த் கான் என்னும் முதியவர். நாற்பது ஆண்டுகள் வெள்ளையனிடமே ஊழியம் பார்த்தவர். அவருடைய வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறோம்.

பக்த் கான் ரோகில்கண்டு பிரதேசத்துப் பட்டாணிய வமிசத்தவர். பிஜ்னூர் பகுதி அவருடைய பூர்வீகம் என்பார்கள். அந்தப் பகுதியை ஒரு காலத்தில் ஆண்ட ரோகில்லாத் தலைவர்களை 1774இல் கும்பினிப் படையும் அயோத்தி நவாபின் படையும் சேர்ந்து முறியடித்தன. ஹாபிஸ் ரஹ்மத் கான் என்ற ரோகில்லாத் தலைவர் அந்தப் போரில்தான் உயிர் நீத்தார். அதன்பின் பிறந்த தலைமுறைக்கு ஆள்வதற்கு நாடு இல்லை. கையில் வாள் மட்டுமே இருந்தது. பட்டாணிய வாலிபர்கள் பலர் அந்த வாளைக் கும்பினியிடமே கூலிக்குக் கொடுத்தனர். பக்த் கானும் அப்படித்தான் வங்காளப் படையின் பீரங்கிப் பிரிவில் சேர்ந்தார்.

அவருடைய ராணுவ வாழ்க்கையைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியது அதிகமில்லை. முதலாம் ஆப்கானியப் போரின்போது ஜலாலாபாத் நகரில் முற்றுகையிடப்பட்டுக் கிடந்த வெள்ளையர் படையில் அவருடைய பீரங்கிப் பிரிவும் இருந்தது. 1842இல் முற்றுகை நீங்கியதும், அந்த வீரத்தைப் பாராட்டி அப்பிரிவின் பீரங்கிகளில் கோட்டை மதில் போன்ற ஒரு மகுடச் சின்னத்தைப் பொறித்துக் கொள்ளக் கும்பினி அனுமதித்தது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அதே மகுடம் பொறித்த பீரங்கிகள் டில்லியில் வெள்ளையரை நோக்கிச் சுட்டன!

நாற்பது வருட ஊழியத்தில் அவர் அடைந்த பதவி சுபேதார். ஆங்கிலத் துரைமார்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். நல்ல உயரம், அகன்ற மார்பு, பருத்த வயிறு, குதிரையேற்றத்தில் அவ்வளவு திறமை போதாது, புத்திசாலி, துரைமார்களோடு பேசிப் பழகுவதில் பிரியமுள்ளவர் என்றெல்லாம் அவரோடு வேலை பார்த்த அதிகாரிகள் பின்னாளில் எழுதி வைத்தனர். பிரியமாகப் பழகிய அந்தத் துரைமார்களின் படையிலே, சீமையிலிருந்து நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய மீசை முளைக்காத வெள்ளைப் பையனுக்குங்கூட இந்த அறுபது வயதுக் கிழவர் கைதூக்கிச் சலாம் வைக்க வேண்டும். சுபேதார் மேஜர் நிலைக்கு மேலே இந்தியனுக்கு ஏணி கிடையாது.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யலாமா என்று சிலர் கேட்கலாம். அக்காலத்துச் சிப்பாய்களுக்கே அந்தக் கேள்வி இருந்தது. உப்பைத் தின்றவன் உப்பிட்டவனுக்கு உண்மையாயிருக்க வேண்டும் என்பது இந்து, முஸ்லிம் வேற்றுமையின்றி எல்லாரும் மதித்த நெறி. ஆனால் சம்பளம் என்பது உழைப்புக்கு ஈடு. ஈமானுக்கு ஈடு ஆகாது. பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவப்பட்டவை என்று நம்பப்பட்ட தோட்டாக்களைக் கொடுத்தபோது, மறுத்த எண்பத்தைந்து குதிரை வீரர்களை மீரட்டில் விலங்கிட்டுச் சிறையில் தள்ளினார்கள். அத்துடன் கும்பினிக்கும் சிப்பாய்க்கும் இருந்த ஒப்பந்தத்தைக் கும்பினியே முறித்துவிட்டது என்பது நமது கருத்து. மீரட்டுச் சிப்பாய்கள் மே 11ஆம் தேதி, ரமளான் பிறை 16இல், டில்லிக்குள் புகுந்து முதுபெரும் பாதுஷா பகதூர் ஷா ஜஃபரைத் தங்கள் அரசராக அறிவித்தனர்.

நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு வாரத்தில், மே 31ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பரேலி நகரப் படைகள் எழுந்தன. ஹாபிஸ் ரஹ்மத் கானின் பேரர் கான் பகதூர் கான் பரேலியின் ஆட்சியை ஏற்றார். பக்த் கானைப் படைகள் தங்கள் தலைவராக்கிக் கொண்டன. பரேலியில் அப்போது பிடிபட்ட வெள்ளை அதிகாரிகள் சிலர் தூக்கிலிடப்பட்டார்கள். டில்லியில் மே 16ஆம் தேதி, பக்த் கான் அங்கே வருவதற்கு முன்பு, பெண்களும் குழந்தைகளுமாக ஐம்பது பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். இவற்றை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. போரில் பெண்டு பிள்ளைகள் மீது கை வைப்பதை நமது மார்க்கம் தடுத்திருக்கிறது. யார் செய்தாலும் பாவம் பாவம்தான்.

பரேலியிலிருந்து டில்லிக்கு அவர் படை நடத்திச் சென்ற விதமே அவர் எப்படிப்பட்டவர் என்பதைக் காட்டிவிடும். அந்த ஆண்டில் பல ஊர்களிலிருந்தும் டில்லிக்குப் போன சிப்பாய்க் கூட்டங்கள் வழியில் கிடைத்ததை எடுத்துக் கொண்டு போயின. சம்பளம் கொடுக்க ஆளில்லை, வயிறோ கேட்பதில்லை! பக்த் கான் தமது வீரர்களுக்கு ஆறு மாதச் சம்பளத்தை முன்கூட்டியே பங்கிட்டுக் கொடுத்துவிட்டார். மீதிப் பணத்தைப் பெட்டியிலிட்டுக் காவல் வைத்து உடன் கொண்டு சென்றார். கட்முக்தேசுவரத்தில் கங்கையைக் கடந்தார். அருகிலேயே மீரட்டிலிருந்த வெள்ளைப் படை தடுக்கவில்லை. ஜூலை முதல் தேதி யமுனைக் கரையை அடைந்தார். நான்கு காலாட்படைப் பிரிவுகள், குதிரைப்படை, பீரங்கிகள், யானைகள், பின்னால் பணப்பெட்டிகள், முன்னால் வாத்திய கோஷ்டி என அணிவகுத்துப் படகுப் பாலத்தைக் கடந்து அவர்கள் வருவதைக் குன்றின் மேலிருந்த வெள்ளையர்கள் தொலைநோக்கியில் பார்த்துக் கவலைப்பட்டார்கள். பாதுஷாவின் மாமனாரே எதிர்கொண்டழைத்தார். தம் படைக்குச் சம்பள பாக்கி இல்லை என்றும் நான்கு லட்ச ரூபாய் கையிருப்பு உண்டென்றும் பக்த் கான் அறிவித்தபோது, கடன் கேட்டு லேவாதேவிக்காரர்களிடம் ஆளனுப்பிக் கொண்டிருந்த அரண்மனைக்கு அது மழை பெய்தது போலிருந்தது.

ஒரு வீட்டின் தலைவன் தன் கீழிருப்போருக்குச் சேர வேண்டியதை நேரத்தில் கொடுத்துவிட்டால் அவ்வீட்டில் பாதித் தவறு நடக்காது. பக்த் கான் ராணுவத்தில் கற்ற இந்தப் பாடம் நமது வணிகப் பெருமக்கள் பலருக்கும் உதவும்.

பாதுஷா அவரைத் தலைமைத் தளபதியாக்கினார். மகன் என்ற பட்டமும் பிற விருதுகளும் வழங்கினார். அதுவரை படைத்தலைவராயிருந்த ஷாஹ்ஜாதா மிர்ஸா முகல் அடுத்த நிலைக்குத் தள்ளப்பட்டார். பிற்காலத்து வினைகளுக்கெல்லாம் வித்து இங்கேதான் விழுந்தது. பக்த் கானுக்கு அரண்மனைச் சம்பிரதாயம் தெரியாது. குனிந்து குனிந்து வணங்கும் தர்பாரில் அவர் சிப்பாய்போல் நேராக நடந்துபோய்ச் சலாம் சொன்னார். ஷாஹ்ஜாதாக்களுக்கும் உமராக்களுக்கும் அது பொறுக்கவில்லை. அவரை வஹ்ஹாபி என்று பரிகசித்தார்கள். அவருடைய ஆன்மிக வழிகாட்டியான மௌலவி சர்ஃபராஜ் அலியும், அவரைப் பின்பற்றி வந்த முஜாஹிதுகளும் அவரோடு டில்லியில் இருந்தார்கள்.

தளபதியானதும் அவர் இட்ட கட்டளைகளைப் பாருங்கள். உப்புக்கும் சர்க்கரைக்கும் இருந்த வரி நீக்கப்பட்டது. ஏழையின் அடுப்பங்கரைக்கு அவசியமான பொருள்கள் அவை. கடைக்காரர்கள் தங்களைக் காத்துக்கொள்ள ஆயுதம் வைத்திருக்க வேண்டும், இல்லாதவர்களுக்குச் சர்க்கார் கொடுக்கும் என்றார். கொள்ளையடித்துப் பிடிபடும் சிப்பாயின் கை துண்டிக்கப்படும். நகரில் கொள்ளை தொடர்ந்தால் கொத்தவாலே பொறுப்பு. ஷாஹ்ஜாதாக்கள் கொள்ளையில் இறங்கினால் அவர்களுடைய மூக்கையும் காதையும் அறுத்துவிடுவேன் என்றுகூட எச்சரித்தார். பாதுஷாவின் மக்களை நோக்கி இப்படிப் பேச வேறெவருக்கும் துணிவிருக்கவில்லை. இவ்விவரங்களில் பெரும்பகுதி, நகருக்குள்ளிருந்து கொண்டே வெள்ளையருக்குத் தகவல் எழுதிவந்தவர்களின் நாட்குறிப்புகளால்தான் இன்று நமக்குத் தெரிகிறது. எதிரியின் ஒற்றர்களே ஒருவருடைய நேர்மைக்குச் சாட்சிகளாவது விந்தைதான்.

அடுத்தது போர். ஜூலை 9ஆம் தேதி கொட்டும் மழையில் அவர் நடத்திய தாக்குதலில் குதிரை வீரர்கள் சிலர் வெள்ளையர் முகாமுக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். தங்கள் தரப்புக் குதிரைப்படை என்றே காவலர்கள் முதலில் எண்ணினார்களாம். அன்று வெள்ளையர் தரப்பில் இறந்தவரும் காயமுற்றவரும் இருநூறுக்கு மேல். படையை முறை வைத்துப் பிரித்து, அடுத்தடுத்துப் புதிய ஆட்களை அனுப்பி, குன்றின் மேலிருப்பவர்களைத் தூங்கவிடாமல் அடிப்பது அவருடைய திட்டம். அந்த மாதத்திலேயே டில்லி உலமாக்கள் பலர் கையொப்பமிட்ட ஜிஹாத் ஃபத்வாவும் வெளியாயிற்று.

இந்நிலையில்தான் ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியது. நிலைமை சாதாரணமானதல்ல. மே மாதத்திலேயே மௌலவி ஒருவர் ஜாமிஆ மஸ்ஜிதில் இந்துக்களுக்கு எதிராகவே கொடியேற்றப் போக, பாதுஷா அவரை அழைத்து இந்துவும் முஸ்லிமும் தமக்கு ஒன்றே என்று கண்டித்து அதை இறக்கச் செய்திருந்தார். இப்போது நகரிலுள்ள சிப்பாய்களில் பெரும்பாலோர் இந்துக்கள். அவர்களுக்கு நடுவே முஜாஹிதுகளும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மாடறுக்கும் உரிமையை விட்டுக் கொடுப்பதா என்று மார்க்கத்தின் பெயரால் கேட்பதற்கு ஆள் இல்லாமலில்லை.

பசு வதை கூடாது, மீறினால் மரண தண்டனை என்று ஜூலை மாதத்திலேயே தெருத்தெருவாகப் பறையறைந்தார்கள். பெருநாள் நெருங்கியபோது பாதுஷா மறுபடியும் கண்டிப்பான உத்தரவு பிறப்பித்து, நிறைவேற்றும் பொறுப்பைப் பக்த் கானுக்கும் கொத்தவாலுக்கும் கொடுத்தார். அரண்மனை ஹகீம் அஹ்சனுல்லாஹ் கான் மட்டும் இதை மௌலவிகளிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று தயங்கினார். பாதுஷா சினங்கொண்டு தர்பாரையே கலைத்துவிட்டு எழுந்து போனார். எந்தெந்த முஸ்லிம் வீட்டில் மாடு இருக்கிறது என்று முஹல்லா முஹல்லாவாகக் கணக்கெடுத்தார்கள். மாடுகளையெல்லாம் கொத்தவால் சாவடியில் கொண்டுவந்து கட்டும்படி முதலில் ஏற்பாடு. அவ்வளவு மாட்டுக்கு அங்கே இடமேது என்று கொத்தவால் எழுதவே, மாட்டுக்குச் சொந்தக்காரர்களிடம் அறுக்கமாட்டோம் என்று எழுதி வாங்கிக் கொண்டார்கள்.

இதில் மார்க்கச் சட்டத்துக்கு முரண் ஏதுமில்லை என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். குர்பானி ஹனஃபி மத்ஹபில் வாஜிபு, ஷாஃபிஈ மத்ஹபில் வலியுறுத்தப்பட்ட சுன்னத்து. கொடுப்பது ஆடாயிருந்தால் ஒருவருக்கு ஒன்று. மாடு, ஒட்டகமாயிருந்தால் ஏழு பேர் வரை கூட்டுச் சேரலாம். மாடுதான் அறுக்க வேண்டும் என்று எந்த மத்ஹபிலும் இல்லை. நாயகம் (ஸல்) அவர்கள் இரண்டு செம்மறிக் கடாக்களைக் குர்பானி கொடுத்த செய்தி ஹதீஸ் நூல்களில் பிரசித்தமானது. ஆகவே டில்லி முஸ்லிம்கள் அந்தப் பெருநாளில் வணக்கத்தை விடவில்லை. வணக்கத்தை நிறைவேற்ற அனுமதிக்கப்பட்ட பல வழிகளில் அண்டை வீட்டுக்காரனின் மனத்தைப் புண்படுத்தாத வழியை எடுத்துக் கொண்டார்கள். முஜாஹிதுகளின் தளபதி என்று பெயரெடுத்த ஒருவரே அதை நடத்தி வைத்தார் என்பதுதான் கவனிக்கத் தக்கது.

பெருநாள் மாலையில் தொடங்கிய தாக்குதல் இரவெல்லாம் நடந்து மறுநாள் வரை நீண்டது. ஆனால் வெற்றி கிட்டவில்லை. பாதுகாப்பான அரண்களுக்குப் பின்னாலிருந்த வெள்ளையர் தரப்பில் சேதம் சொற்பம். அலை அலையாக ஏறிப்போன இந்தத் தரப்பில் ஏராளம்.

அதன்பிறகு பக்த் கானின் வாழ்வில் இறங்குமுகம். மிர்ஸா முகலின் ஆட்கள் அவருக்கு எதிராக ஓயாமல் பாதுஷாவின் காதில் ஓதினார்கள். மற்ற ஊர்ப் படைகளோ, பரேலிக்காரன் சொல்லி நாங்கள் கேட்பதா என்றன. ஆகஸ்டு 7ஆம் தேதி வெடிமருந்துச் சாலை வெடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். யார் துரோகி என்று ஒருவரையொருவர் சந்தேகித்தார்கள். தொழுகைக்கு ஓர் இமாம் போதும் என்பதை ஐவேளையும் செயலில் காட்டுகிற சமுதாயத்துக்குப் போர்க்களத்தில் ஒரு தளபதி போதவில்லை!

நஜஃப்கர் சம்பவத்தையும் சொல்லியாக வேண்டும். கோட்டைச் சுவரைத் தகர்க்கும் பெரும் பீரங்கிகள் பஞ்சாபிலிருந்து வெள்ளையருக்கு வந்துகொண்டிருந்தன. அவை வந்து சேர்ந்துவிட்டால் டில்லி வீழ்ந்தது போலத்தான். வழியிலேயே அவற்றை மறிக்க ஆகஸ்டு 24ஆம் தேதி பக்த் கான் பெரும்படையுடன் புறப்பட்டார். நீமச் நகரிலிருந்து வந்த படை அவருடைய சொல்லைக் கேளாமல் முன்னேறிப் போய் நஜஃப்கரில் தனியே தங்கிற்று. மறுநாள் சேற்றிலும் வெள்ளத்திலும் விரைந்து வந்த நிக்கல்சன் என்ற தளபதி இரண்டாயிரத்து ஐந்நூறு பேருடன் அதன்மேல் பாய்ந்து சின்னாபின்னமாக்கிப் பதின்மூன்று பீரங்கிகளைக் கைப்பற்றினார். சற்றுத் தொலைவிலிருந்த பக்த் கானின் படை உதவிக்குப் போகவில்லை, டில்லிக்குத் திரும்பிவிட்டது.

அவருடைய ஆதரவாளர்கள் மழையையும் நீமச் படையின் கீழ்ப்படியாமையையும் காரணம் காட்டுவார்கள். இருக்கலாம். ஆனாலும் கட்டளையை மீறிய சகோதரன் ஆபத்தில் இருக்கும்போது அவன் மீறியதை நினைத்துக் கொண்டு நிற்கும் நேரமல்ல அது. அவருடைய நீண்ட வாழ்க்கையில் நமக்கு மனம் ஒப்பாத இடம் இது ஒன்றே. பாதுஷாவும் மிகவும் கோபித்தார்.

செப்டம்பர் 4ஆம் தேதி பெரும் பீரங்கிகள் வந்து சேர்ந்தன. 14ஆம் தேதி வெள்ளையர் கோட்டைக்குள் புகுந்தனர். தெருத்தெருவாக ஆறு நாள் சண்டை நடந்தது. எல்லாம் முடியும் தறுவாயில் பக்த் கான் பாதுஷாவிடம் சென்றார். போனது டில்லி ஒன்றுதான், நாடு இன்னும் போகவில்லை, லக்னோ நம் கையில் இருக்கிறது, தாங்கள் உடன் வந்தால் தங்கள் பெயரால் மக்கள் திரளுவார்கள் என்று மன்றாடினார். எண்பது வயதைக் கடந்த பாதுஷா தடுமாறினார். சம்பந்தி உறவினரான மிர்ஸா இலாஹி பக்ஷ், வெள்ளையருக்கு உள்ளாளாக இருந்தவர், போகவேண்டாம் என்று தடுத்தார். ஹுமாயூன் மகபராவிலும் பக்த் கான் ஒருமுறை கெஞ்சிப் பார்த்தார் என்பார்கள். பாதுஷா அவரோடு போகவில்லை. யமுனையைத் தாண்டிப் பக்த் கான் கிழக்கே நடந்தார். செப்டம்பர் 21ஆம் தேதி பாதுஷா ஹாட்ஸனிடம் பிடிபட்டார்; மறுநாள் மிர்ஸா முகலும் மற்ற இரு ஷாஹ்ஜாதாக்களும் டில்லி வாசலருகே சுட்டுக் கொல்லப்பட்டனர். ரங்கூனில் சிறையிருந்து 1862 நவம்பர் 7ஆம் தேதி பாதுஷா மௌத்தானதை யாவரும் அறிவர்.

தம்மை அவமதித்த அரண்மனை அழிந்துவிட்டது. தம்மிடம் இருந்த பணமும் தீர்ந்துவிட்டது. வயதும் அறுபதைத் தொட்டுவிட்டது. இனி விட்டுவிடலாம் என்று வேறொருவர் எண்ணியிருப்பார். பக்த் கான் லக்னோவில் பேகம் ஹஜ்ரத் மஹலின் படைகளோடு சேர்ந்து போரிட்டார். 1858 மார்ச்சில் லக்னோவும் வீழ்ந்தது. மௌலவி அஹ்மதுல்லாஹ் ஷா ரோகில்கண்டு எல்லையில் நடத்திய போர்களிலும் பக்த் கானின் பெயர் அடிபடுகிறது. அந்த மௌலவியை நமது சென்னைப்பட்டணத்துப் பக்கத்தவர் என்று கூறும் வரலாறுகள் உண்டு. ஜூன் மாதத்தில் போவாயன் என்ற ஊரில் ஒரு ராஜாவின் துரோகத்தால் அவர் ஷஹீதானார்.

1858 நவம்பர் முதல் தேதி விக்டோரியா ராணியின் பிரகடனம் வாசிக்கப்பட்டது. ஆங்கிலேயரைக் கொன்றதில் நேரடிப் பங்கில்லாதவர்கள் ஆயுதத்தை வைத்துவிட்டு வந்தால் மன்னிப்பு என்றது அது. பலர் போய்ச் சரணடைந்தனர். பேகம் போகவில்லை, நேப்பாளத்துக்குப் போனார். பக்த் கானும் சரணடையவில்லை. நேப்பாள எல்லையிலுள்ள தராய்க் காடுகளில், காய்ச்சலும் பசியும் தின்றது போக எஞ்சியிருந்த சிப்பாய்களோடு அவரும் இருந்தார்.

1859 மே மாதம் அங்கே நடந்த ஒரு சண்டையில் அவர் ஷஹீதானார் என்று வரலாற்று நூல்கள் பல கூறுகின்றன. அங்கிருந்தும் தப்பி வடமேற்கு எல்லை மலைநாட்டுக்குப் போய்ச் சேர்ந்து, புனேர் பகுதியில் மறைந்து வாழ்ந்து மரித்தார் என்று அந்நாட்டுப் பட்டாணியர்கள் சொல்லி, ஒரு கப்ரையும் காட்டுவர். கும்பினியின் ஆட்களோ, அதன்பின் வந்த ராணியின் ஆட்களோ அவரைக் கைது செய்ததாக எந்த ஏட்டிலும் இல்லை. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.